வீட்டு லேத்துக்கு இழுப்பறை வைத்த ஸ்டாண்ட்: அயினிப் பலகையில் நான் பட்ட பாடு

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுச் சாய்ப்பில் ஒரு மினி லேத் (இரும்பைச் சுழலவிட்டுக் கத்தியால் கடையும் சிறு மெஷின்) நிற்கிறது. எடை சுமார் 40 கிலோ. முதலில் வாங்கிய தகர கேபினட், கத்தி இரும்பைத் தொட்டதுமே கிடுகிடுவென்று ஆடியது. இரண்டாவது, ஆசாரியை வைத்துச் செய்த மர மேசை. இப்போது இருப்பது மூன்றாவது.

உயரம்: முழங்கையை மடக்கி நில்லுங்கள். ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மையம் அந்த மட்டத்துக்கு வர வேண்டும். எனக்கு முழங்கை 105 செ.மீ., லேத்தின் அடியிலிருந்து மையம் 18 செ.மீ. ஆக ஸ்டாண்ட் 87.

சட்டம்: 50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம். கடையில் “வாசல் கேட்டுக்கே 2 மி.மீ. தான் போடுறாங்க” என்பார்கள், கேட்காதீர்கள். கால்களைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள். சக்கரம் வேண்டவே வேண்டாம். குழாய்க்குள் காய்ந்த எம்-சாண்ட் நிரப்பினால் அதிர்வு குறையும். கடல் மணல் மட்டும் கூடாது, உப்பு உள்ளிருந்தே அரித்துவிடும்.

மேல்தளம்: நான் சறுக்கியது இங்கேதான். அந்த மர மேசைக்குப் போட்டது, பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த இரண்டங்குல அயினிப் பலகை; வள்ளத்துக்கே தாங்கும் மரம், லேத்தைத் தாங்காதா என்று நினைத்தேன். எடையைத் தாங்கியது. பங்குனியில் சரிபார்த்தபோது எல்லாம் நேர். ஆனிச் சாரல் பிடித்ததும், 100 மி.மீ. நீளம் கடைந்தால் ஒரு முனை 0.06 மி.மீ. பருமனாக வந்தது. டெயில் ஸ்டாக் (கம்பியின் மறுமுனைக்கு முட்டுக் கொடுக்கும் பாகம்), கத்தி, சக் (கம்பியைக் கவ்வும் பாகம்) என்று இரண்டு வாரம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஈரத்தில் பலகை முறுக்கி, அதோடு போல்ட் போட்ட லேத்தின் ‘பெட்’டையும் (மற்ற பாகங்கள் உட்காரும் அடிப்பகுதி) முறுக்கியிருக்கிறது. ஆகவே 10 மி.மீ. இரும்புத் தகடு போடுங்கள். அதைச் சட்டத்தோடு வெல்டு வைத்தால் சூட்டில் வளையும், போல்ட்தான் நல்லது.

பெட்டின் முறுக்கை எடுப்பது: 25 மி.மீ. கம்பியை சக்கில் பிடித்து 120 மி.மீ. வெளியே நீட்டுங்கள். டெயில் ஸ்டாக் முட்டு வேண்டாம். நடுப்பகுதியைக் கடைந்து மெலிய வைத்துவிட்டு, இரு முனையிலும் வளையம்போலப் பருமனாக விடுங்கள். கத்தியின் அளவை மாற்றாமல் இரண்டையும் மெல்லிசாகச் சீவி, மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். டெயில் ஸ்டாக் பக்க வளையம் பருமன் என்றால், லேத்தின் அந்த முனையின் முன் போல்ட்டைத் தளர்த்தி அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். மெலிந்திருந்தால் பின்பக்கம். குளிர்பான கேனை வெட்டினால் சுமார் 0.1 மி.மீ. தகடு கிடைக்கும். காகிதம் எண்ணெயை உறிஞ்சி நசுங்கிவிடும். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இறுக்கிய பிறகே கடைந்து அளக்க வேண்டும்.

இழுப்பறை: சக், முகத்தட்டு போன்ற கனமானவை அடித்தட்டில். அதன்மேல் இரண்டு இழுப்பறை போதும், பால் பேரிங் சேனலில். கனத்தோடு இரண்டையும் ஒன்றாக இழுத்தால் ஸ்டாண்ட் முன்னால் சாயப் பார்க்கும். லேத்துக்கு அடியில் விளிம்பு மடித்த தட்டு கட்டாயம். இல்லாவிட்டால் இரும்புச் சுருள் முழுக்க இழுப்பறைக்குள்தான். மரத்தில் செய்வதானால், மருந்தேற்றாத ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். பூச்சியும் பூஞ்சையும் விடாது.

பிற்சேர்க்கை: குளச்சலில் கடலோரம் இருக்கும் ஒருவர், இழுப்பறைக்குள் வைத்த டிரில் பிட்டெல்லாம் ஒரே மாதத்தில் துருவேறிவிட்டதாக எழுதினார். விசாரித்தால், அடியில் வெல்வெட் துணி விரித்திருக்கிறார். துணி உப்புக் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதை எடுத்துவிட்டு, பிட்டுகளை மெஷின் ஆயில் தடவி வைக்கச் சொன்னேன்.