டச்சு கரேஜ்னு இங்கிலீஷ்ல சொல்றாங்களே, அதை எங்க எப்படி யூஸ் பண்றது?

இதைப் படிச்சதும் டச்சுக்காரங்க வீரம்னு பாராட்டா எடுத்துக்காதீங்க, அர்த்தமே மாறிடும். சரக்கு உள்ள போனதும் வர்ற தைரியம், அதுதான் டச்சு கரேஜ்.

யூஸ் பண்ணும்போது ஒண்ணு மட்டும் பாருங்க, அந்த ஆளுக்கு முன்னாடியே பயம் இருக்கணும். மேடையேறி பேசணும், இல்ல லவ்வை சொல்லணும், கை கால் நடுங்குது, அதனால ஒரு பெக் போட்டுட்டு போறான்னா இந்த வார்த்தை கரெக்டா பொருந்தும். சும்மா குடிச்சுட்டு ரோட்ல சண்டை போடுறவனுக்கு இது செட் ஆகாது. குடிக்கிற சரக்கையே டச்சு கரேஜ்னு சொல்றதும் உண்டு, அதுவும் சரிதான்.

எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா ரெண்டு கதை சொல்வாங்க. ஒண்ணு, நெதர்லாந்துல போர் செஞ்ச இங்கிலீஷ் சிப்பாய்ங்க அங்க கிடைச்ச ஜெனீவர் சாராயத்தை சண்டைக்கு முன்னாடி குடிச்சாங்கன்னு (ஜின்னுக்கு மூதாதை இந்த ஜெனீவர்தான்). இன்னொண்ணு, 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்தும் டச்சும் கடல்ல மாத்தி மாத்தி மோதிக்கிட்டப்போ எதிரியை மட்டம் தட்ட கிளம்பின பேச்சுன்னு. நான் ரெண்டாவதைத்தான் நம்புறேன், ஏன்னா 1665ல லோஸ்டாஃப்ட் கடல் போர்ல இங்கிலாந்து ஜெயிச்சதைப் பாடின எட்மண்ட் வாலர்ங்கிற கவிஞர், டச்சுக்காரங்களோட ஒயினும் பிராந்தியும் போச்சு, அவங்க தைரியமே அதுலதான் வளருதுன்னு எழுதியிருக்கார். இந்த சொல் அதுல இல்ல, ஆனா எண்ணம் அப்படியே இருக்கு பாருங்க. ஒரு நாட்டு மக்களையே குடிகாரங்கன்னு சொன்ன பழைய பகை, போர் முடிஞ்சு முன்னூறு வருஷத்துக்கு மேல ஆகியும் பேச்சுல ஒட்டிக்கிட்டு இருக்குறது எனக்கு வருத்தமாத்தான் இருக்கு.

இன்னொரு விஷயம், 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நெதர்லாந்துல படிச்ச, புதுசா டச்சு கத்துக்கிட்ட ஜெர்மன்காரங்களுக்கு கொஞ்சம் வோட்கா கொடுத்து டச்சுல பேச விட்டாங்க, யார் குடிச்சாங்கன்னு தெரியாமலே கேட்டவங்க, குடிச்சவங்க உச்சரிப்பு நல்லா இருந்துச்சுன்னு மார்க் போட்டாங்க, பேசினவங்களுக்கோ தாங்க நல்லா பேசினதா ஒண்ணும் தோணல. கொடுத்தது ரொம்ப கம்மி அளவு, அதை மறந்துடாதீங்க.

ஆபீஸ் மெயில்லயோ டச்சுக்காரங்க கூட பேசும்போதோ இது வேண்டாம். லிக்விட் கரேஜ்னு சொல்லுங்க, அதே அர்த்தம்தான், யாருக்கும் மனசு கஷ்டமும் இல்ல.