இடதுசாரி ஊடக விமர்சனம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் இளையோர், கொழும்புப் பத்திரிகைகளையும் தாராளவாத மேட்டுக்குடியையும் விமர்சித்து எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது சில காலமாக என் வேலையாகிவிட்டது. வசைச்சொல், மிகைப்படுத்தல் போன்றவற்றை அவர்களே விரைவில் களைந்துவிடுகிறார்கள். எங்கள் தலைமுறை விட்ட வேறு சில பிழைகளை அவர்களும் விடுவதால்தான் இதை எழுதுகிறேன்.

செய்தியில் பொய்யைத் தேடுதல்

2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசு நாட்டுக்குள் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் விதிகளை மாற்றும் திட்டம், அறிவிக்கப்பட்டு, வங்கிகள் ஐந்து நாட்கள் மூடப்பட்டிருந்த வேளையில், ஜூலை 1ஆம் திகதி நாடாளுமன்றம் 122க்கு 62 என்ற வாக்குகளால் அதை ஏற்றுக்கொண்டது. தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பை வைத்திருக்கும் ஊழியர் சேமலாப நிதியம், அரசுக்குக் கடன் கொடுத்துப் பெற்ற பத்திரங்களான தன் திறைசேரி முறிகளை நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டும் என்றானது. மறுத்தால் நிதியத்தின் முறி வருமானத்தின் மீதான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும் என்றும் சொல்லப்பட்டது. வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளில் யாரும் கைவைக்கவில்லை. நிதியத்தின் உறுப்பினர்களுக்குக் குறைந்தது 9 வீத வட்டி கிடைக்கும் என்ற அரசின் உறுதிமொழியே செய்திகளில் முன்னுக்கு வந்தது.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் அக்காவின் சேமிப்பை எண்ணிக் கொதித்த தம்பி ஒருவர், அந்த 9 வீதம் பத்திரிகைகள் கட்டிய பொய் என்று எழுதிவிட்டார். ஆனால் உறுதிமொழி உண்மையிலேயே வழங்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அரச அறிவிப்பை எடுத்துக்காட்டியதும் கட்டுரை அத்தோடு செத்தது. அதற்குள் கிடந்த நியாயமான கேள்வியும் கூடவே செத்தது. இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

அச்செய்திகளில் எண்கள் சரியாகவே இருந்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டு, அதே சேமிப்பின் பெறுமதியைத் தின்று தீர்த்த பிறகு இந்த 9 வீதம் எதை ஈடுசெய்யும் என்று கேட்க எவரும் அழைக்கப்படவில்லை என்பதுதான் கோளாறு. வங்கிகளை விட்டுவைத்ததற்கு, அவை ஏற்கெனவே கூடிய வரி செலுத்துகின்றன என்று சொல்லப்பட்ட விளக்கத்துக்குப் பத்தி பத்தியாக இடம் கிடைத்தது. தொழிற்சங்கங்களின் மறுப்பு கடைசி வரிகளுக்குள் ஒதுங்கியது. ஆகவே செய்தியில் யார் பேசுகிறார், யாருக்குப் பெயரும் பதவியும் தரப்படுகின்றன, யார் வெறும் 'சில தரப்பினர்' ஆகிறார் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதை எந்த அறிவிப்பைக் காட்டியும் மறுக்க முடியாது.

பிரதேச நிருபரைத் திட்டுதல்

தலைப்பிடுபவர் அவர் அல்லர்.

தாராளவாதியையும் பேரினவாதியையும் ஒரே கட்டாகக் கட்டுதல்

காணி விடயத்தில் நாம் அலுவலகங்களிடம் கேள்வி கேட்க உதவும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தாராளவாதிகள் ஆதரித்த 2015–2019 'நல்லாட்சி' அரசின் காலத்தில் வந்தது. அதே ஆட்சியில், 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது, ஆட்சியை வாழ்த்தியவர்களில் பலர் பொறுமை காக்கச் சொன்னார்கள். இரண்டையும் எழுதுங்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு விலக்களித்தல்

வன்னியில் நுண்கடன் வசூலுக்கு வருபவருக்கு அஞ்சிப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில், நம்மவர் பத்திரிகைகளிலும் வட்டி வீதத்தைவிட அப்பெண்களின் 'வீண்செலவு' பற்றிய அறிவுரையே கூடுதலாக வந்தது. வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்தபோது, அமைச்சருக்கே படம் போட்டார்கள். அதற்காக வீதிக்கு இறங்கிய பெண்களை மறந்துவிட்டார்கள்.