கட்ஆஃப் தெரியும், ரேங்க் தெரியுமா?

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கான கட்ஆஃபை, அதாவது பிளஸ் 2 மதிப்பெண்களிலிருந்து வரும் தகுதி மதிப்பெண்ணை, நீங்களே துல்லியமாகக் கணக்கிடலாம்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. தரவரிசை எண் அப்படியல்ல. ஒரே கட்ஆஃபில் பலர் நிற்பார்கள். முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்து, தேவைப்பட்டால் பிறந்த தேதி, கணினி தரும் ரேண்டம் எண் வரை போய்த்தான் அவர்களை வரிசைப்படுத்துவார்கள். ஆகவே, ஒற்றை எண்ணை அடித்துச் சொல்லும் இணையதளங்களை நம்பாதீர்கள். கட்டணமும் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்! முந்தைய 3 ஆண்டுத் தரவரிசைப் பட்டியல்களில் உங்கள் கட்ஆஃபுக்கு வந்த எண்களைப் பாருங்கள். அவற்றில் சிறியதற்கும் பெரியதற்கும் இடைப்பட்டதே உங்கள் கணிப்பு. வகுப்புவாரித் (BC, MBC, SC போன்ற இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கான) தரவரிசையையும் மறக்காதீர்கள். பலருக்கு இடம் கிடைப்பது அதில்தான். கல்லூரி, பாடப்பிரிவு விருப்பப் பட்டியலை அந்தப் பெரிய எண்ணுக்கும் தாங்கும்படி நீளமாகப் போடுங்கள்.