நோயுற்ற குழந்தையை ஊரிலேயே கவனிப்பது: கிராம சுகாதாரப் பணியாளருக்கான வழிகாட்டி

மருத்துவமனை எட்டாத தொலைவில் இருக்கும் ஊர்களில், நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா ஆகிய மூன்றுக்கும் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளரே சிகிச்சை தரலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2012ஆம் ஆண்டு கூட்டறிக்கை வெளியிட்டன. இம்முறை இரண்டு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு நோய் கண்டால், ஊரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன், குழந்தையை ஊரில் வைத்துக் கவனிக்கலாமா, அனுப்ப வேண்டுமா என்பதை முடிவு செய்யுங்கள். வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம், குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், பாலோ நீரோ குடிக்க இயலாமை, மலத்தில் இரத்தம், ஏழு நாளாக விடாத காய்ச்சல், பதினான்கு நாளாக நீடிக்கும் இருமல் அல்லது வயிற்றுப்போக்கு, இரு பாதங்களிலும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அனுப்பத்தான் வேண்டும். "குழந்தை குடிக்கிறதா?" என்று கேட்டால் பழக்கத்தில் "குடிக்கிறது" என்றே பதில் வரக்கூடும், ஆகவே உங்கள் கண்முன்னே பாலோ நீரோ கொடுக்கச் சொல்லி, விழுங்குகிறதா என்று பாருங்கள்.

இருமல் உள்ள குழந்தையிடம் மூச்சை எண்ணுவதே முதன்மையான வேலை; அவசரத்தில் பெரும்பாலும் தவறிப்போவதும் இதுதான். குழந்தை தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிற்றில் ஓரிடத்தைக் குறியாகக் கொண்டு, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. அழுதாலோ பால் குடித்தாலோ காத்திருந்து மீண்டும் எண்ண வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 40 என்ற அளவை எட்டினாலே அது வேகமான மூச்சாகும்; இது நிமோனியாவின் அறிகுறி. அதோடு, மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உட்குழிகிறதா என்றும் பாருங்கள். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தோல் மட்டும் உள்ளே போவது இதில் சேராது. உட்குழிதல் இருந்தால் அனுப்ப வேண்டும். மூச்சு மட்டும் வேகமாக இருந்தால், பயிற்சியில் சொல்லப்பட்ட அளவில் அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுக்கலாம். முதல் வேளை மருந்தை உங்கள் முன்னிலையிலேயே கொடுக்கச் செய்யுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் அதே அளவை மறுபடியும் கொடுக்க வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் சேர்ந்தே தேவை. பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவு தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதியாகப் பிரித்தால் உப்பின் அளவு பிசகும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரலாம். துத்தநாகம் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 20 மில்லிகிராம். மலம் கட்டியானதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 10 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும் என்பதைத் தாயிடம் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள்.

மலேரியா பரவும் ஊரில், காய்ச்சல் கண்ட குழந்தைக்கு விரைவுப் பரிசோதனை செய்து, மலேரியா உறுதியானால் மட்டுமே அதற்குரிய மருந்தைத் தர வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தையின் மேற்கையை வண்ண நாடாவால் அளக்கவும் தவறக்கூடாது. 115 மில்லிமீட்டருக்குக் குறைந்து சிவப்பு வந்தால் அது கடும் ஊட்டக்குறைவு, மருத்துவமனைக்கு உரியது.

"கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்வதோடு அனுப்பும் வேலை முடிந்துவிடாது. வண்டி, கைச்செலவு, வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என ஏதேனும் ஒன்று இல்லாமல்தான் பயணம் நின்றுபோகும்; எது தடை என்று வெளிப்படையாகக் கேட்டு, அக்கம்பக்கத்தாரின் உதவியோடு அங்கேயே தீர்த்துவையுங்கள். கண்ட அறிகுறி, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். குடிக்கக்கூடிய குழந்தைக்கு வழியிலும் பாலோ கரைசலோ தொடர வேண்டும்.

ஊரிலேயே வைத்துக் கவனிக்கும் குழந்தையை மூன்றாம் நாள் மறுபடியும் பாருங்கள். நலம் தெரியாவிட்டால் அனுப்புங்கள். தேறியிருந்தாலும் மீதி மருந்தை எண்ணிப் பார்த்து, முழுவதும் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாளுக்குக் காத்திராமல், மூச்சு வேகமானாலோ குடிப்பதை நிறுத்தினாலோ இரவானாலும் உங்களிடம் வரும்படி முதல் நாளே தாயிடம் கூறியிருக்க வேண்டும்.