ரோடு சைக்கிளுக்கு கிளிப்லெஸ் பெடல்: குறைந்த காசில் எதை வாங்கலாம்?

முதலில் ஷூவைப் பாருங்கள், பெடல் அப்புறம். எங்கள் பிளான்ட்டுக்கு அப்ரண்டிஸாக வந்த தம்பி ஒருவர் பழைய ரோடு சைக்கிள் வாங்கிவிட்டு, "அண்ணே, எந்த பெடல் போடலாம்?" என்று கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். கிளிப்லெஸ் பெடல் என்றால் ஷூவைத் தன்னோடு பூட்டிக்கொள்ளும் பெடல். பெடல், அதில் மாட்டும் கிளீட் (ஷூவின் அடியில் திருகும் சிறு துண்டு), கிளீட்டைத் தாங்கும் ஷூ மூன்றும் சேர்ந்துதான் ஒரு செட். இதில் பெரும்பாலும் ஷூதான் அதிகக் காசு கேட்கும். பெடலுக்கே பையைக் காலி செய்துவிட்டால், காலைக் கடிக்கிற ஷூவை வாங்கிக்கொண்டு அவதிப்பட வேண்டியதுதான்.

நான் மணலியில் ஃபிட்டர், வீடு திருவொற்றியூரில். வேலைக்கும் சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போவேன். இந்தச் சாலைகளில் ஓட்டுகிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று ரோடு வகை: ஷூவின் அடியில் மூன்று போல்ட், முக்கோணமாக ஒரு பெரிய பிளாஸ்டிக் கிளீட். பிரான்ஸின் லுக் கம்பெனி 1984-ல் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதைப் போட்டு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். ஜப்பான் கம்பெனி ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் இதே குடும்பம். இன்னொன்று, மலைச் சைக்கிளுக்காக ஷிமானோ 1990-ல் கொண்டுவந்த எஸ்பிடி: இரண்டே போல்ட், விரல் நுனி அளவு இரும்புக் கிளீட், அது ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

ரோடு சைக்கிள் என்றால் ரோடு பெடல்தான் என்று பலரும் சொல்வார்கள். வடசென்னையில் ஓட்டுகிறவருக்கு நான் எஸ்பிடியைத்தான் சொல்வேன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் புகுந்து போகும்போது எத்தனை முறை காலை ஊன்ற வேண்டியிருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஊன்றுகிற இடமோ ஜல்லி, மணல். காசிமேடு பக்கம் மீன் வண்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர். பிளாஸ்டிக் கிளீட் அங்கே வழுக்கும், நாளடைவில் தேய்ந்தும் போகும். அதைவிட முக்கியம், ரோடு பெடலில் ஒரு பக்கம்தான் மாட்டும். பின்னால் டிரெய்லர்காரர் ஹாரன் அடிக்கும்போது பெடலைக் கால் நுனியால் புரட்டித் தேடிக்கொண்டிருக்க முடியாது. எஸ்பிடியில் பலவற்றில் இரண்டு பக்கமும் மாட்டலாம். கீழே பார்க்காமல் மிதித்தாலே போதும், டக்கென்று பூட்டிக்கொள்ளும். டீக்கடையில் இறங்கினால் சாதாரணமாக நடக்கவும் செய்யலாம்.

செங்குன்றம் தாண்டி ஏறினால் தடா வரை நிற்காமல் மிதிக்கிறவர், ரேஸுக்குத் தயாராகிறவர் என்றால் ரோடு வகை சரி. பெடல் அகலமாக இருப்பதால் நீண்ட தூரத்தில் பாதத்தில் அழுத்தம் பரவலாக விழும். குறைந்த விலையில் ஷிமானோ ஆர்எஸ்500, லுக் கியோ கிளாசிக் இரண்டும் நன்றாக உழைக்கும். ஆனால் ஒன்றின் கிளீட் மற்றதில் மாட்டாது. ஷிமானோவில் பூட்டிய காலை மஞ்சள் கிளீட் 6 டிகிரி, நீலம் 2 டிகிரி அசைய விடும், சிவப்பு அசையவே விடாது. முழங்காலை நினைத்து மஞ்சளையே வாங்குங்கள்.

எஸ்பிடியில் என் தேர்வு ஷிமானோ எம்520. ஜோடி சுமார் 380 கிராம், கையில் கொஞ்சம் கனமாகத்தான் தெரியும். அந்தக் கனத்துக்காக இரண்டு மடங்கு காசு கொடுத்து மேல் மாடலுக்குப் போகத் தேவையில்லை. அந்தக் காசை ஷூவில் போடுங்கள். தெருமுனைக் கடைக்குச் செருப்போடும் போகவேண்டும் என்றால் இஎச்500 பாருங்கள், ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் தட்டை. எங்கள் தெருவில் ஒரே சைக்கிளை வீட்டில் எல்லோரும் எடுத்து ஓட்டுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு இதுதான் நல்லது. ரத்தன் பஜாரில் விசாரிக்கும்போது மாடல் எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

புது ஷிமானோ பெட்டியில் கிளீட்டும் இருக்கும், எம்520 என்றால் எஸ்ஹெச்51. குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் அது விடும். புதிதாகப் பழகுகிறவர் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து எஸ்ஹெச்56 வாங்கிக்கொள்வது நல்லது. பதற்றத்தில் காலைக் கோணலாக மேலே இழுத்தாலும் அது விட்டுவிடும். நன்றாகப் பழகியபின் 51-க்கு மாறுங்கள், ஏனென்றால் மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது 56 தானாகக் கழன்றுவிடக்கூடும்.

ஷூவில் கார்பன் சோல் எல்லாம் வேண்டாம், நைலான் போதும். வெல்க்ரோ பட்டை போதும். நம் கால் முன்பக்கம் அகலம், சைக்கிள் ஷூக்களில் பல குறுகலானவை. அதனால் ஆன்லைனில் எண்ணை மட்டும் நம்பாமல், சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சோலில் இரண்டு போல்ட்டுக்கான துளை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

பழைய பெடல் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள், நல்ல பெடல் வருடக்கணக்கில் உழைக்கும். அச்சைப் பிடித்துச் சுற்றுங்கள்; கரகரவென்றால் பேரிங்கில் தண்ணீர் போயிருக்கிறது. பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் வேண்டாம். கிளீட் மாட்டுகிற வாய் தேய்ந்து மழுங்கியிருந்தாலும் வேண்டாம்.

மாட்டும் வேலையை நீங்களே செய்யலாம். இடது பெடலுக்கு இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகும். இரண்டு பக்கமும் ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி, முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் கழலும். சில பெடலுக்கு 15 மி.மீ. ஸ்பேனர், சிலதுக்கு 6 அல்லது 8 மி.மீ. அலன் கீ. சாதாரண 15 ஸ்பேனரின் வாய் தடிமனாக இருந்தால் இடுக்கில் நுழையாது, மெல்லிய பெடல் ஸ்பேனர் வேண்டும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டவே மாட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பெடல் திருகப்படும் கிராங்க் அலுமினியம், பெடல் அச்சு இரும்பு. நடுவில் நம் கடற்கரை உப்புக்காற்று. கிரீஸ் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பிறகு குழாய் போட்டு நெம்பினாலும் வராது.

கிளீட்டைக் கட்டைவிரல் எலும்பு புடைத்திருக்கும் இடத்துக்கு நேராகவோ, துளி பின்னாலோ வையுங்கள். மேஜை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதே கோணத்தில் கிளீட் இருக்கட்டும். முழங்கால் வலித்தால் முதலில் இந்தக் கோணத்தைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். பெடலின் பிடியை இறுக்கும் ஸ்பிரிங் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு ஆரம்பியுங்கள். இறுக்கும்போது கிளிக் சத்தத்தை எண்ணி, நாலு வாய்க்கும் ஒரே அளவாக வையுங்கள்.

சாலைக்கு வரும் முன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டி, கழற்றிப் பழகுங்கள். நிற்பதற்கு முன்பே, சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும். எந்தக் காலைக் கழற்றுகிறீர்களோ அந்தப் பக்கமே சாய்ந்து நில்லுங்கள். லாரிக்கு இடதுபுறம் ஒதுங்கி ஓட்டுகிற நமக்கு அது இடது காலாக இருப்பதுதான் பத்திரம்.

கிளீட் போல்ட்டிலும் கிரீஸ் தேவை. மழையில் ஓட்டிய வாரம் அலன் கீயால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஒரு போல்ட் கழன்று விழுந்துவிட்டால், குதிகாலைத் திருப்பும்போது கிளீட் ஷூவின் அடியிலேயே சுழலும். பெடல் காலை விடவே விடாது. அப்படி ஆனால் பட்டையைப் பிரித்து ஷூவிலிருந்து காலை உருவிக்கொள்ளுங்கள், ஷூ பெடலிலேயே இருக்கட்டும். போல்ட் தலையில் மணல் அடைந்தால் ஊசியால் கிளறிவிட்டுத்தான் அலன் கீயைச் செருகவேண்டும், இல்லாவிட்டால் உள்வாய் உருண்டுபோகும். மாட்டும்போது சத்தம் மங்கி, கால் லேசாகத் திரும்பினாலே கழன்றால் கிளீட் தேய்ந்துவிட்டது. கிளீட்டை மட்டும் மாற்றுங்கள். பெடல் இன்னும் பல வருடம் ஓடும்.