படுக்கையை நனைக்கும் பிள்ளையின் முதுகையும் பாருங்கள்

ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும். தூக்கத்தில் நடப்பது என்பதால் அடிக்கவோ, அக்கம்பக்கத்தில் சொல்லிக் கூசவைக்கவோ வேண்டாம். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தில் உள்ள கோளாறு இதற்குக் காரணமாவது அபூர்வம்தான். ஆனால் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை கெடக்கூடும்.

குளிப்பாட்டும்போது நல்ல வெளிச்சத்தில் இடுப்புக்குக் கீழே, முதுகின் நடுக்கோட்டைப் பாருங்கள். முடிக்கற்றை, மெத்தென்ற கட்டி, செந்நிறத் தடிப்பு, ஒருபக்கம் கோணிய புட்டப் பிளவு, பிளவுக்கு மேலே குழி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். பிளவுக்குள்ளேயே இருக்கும் சிறு குழி பெரும்பாலும் தீங்கற்றது.

தண்டுவடத்தின் நுனி கீழே கொழுப்பிலோ தடித்த நாரிலோ ஒட்டிக்கொண்டால், பிள்ளை உயர உயர அது இழுபடும். மூத்திரப்பைக்கும் மலக்குடலுக்கும் காலுக்கும் போகும் நரம்புகள் நலிவது அதனால்தான். ஆகவே பகலிலும் சொட்டுதல், முக்கிச் சிறுநீர் கழித்தல், மலச்சிக்கல், உள்ளாடையில் மலக்கசிவு, கால் இடறுதல், முதுகுவலி இருக்கிறதா என்று கவனியுங்கள். செருப்பைத் திருப்பிப் பாருங்கள்: ஒன்று மட்டும் கோணலாகத் தேய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகுமுன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அளவுக்கோடு போட்ட குவளையில் சிறுநீரைப் பிடித்து, நேரத்தோடு எழுதுங்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், மூத்திரப்பை கொள்ளும் அளவு ஏறக்குறைய வரும். ஏழு வயதுக்கு 240 மில்லி. காலையில் முதலில் போவதை இதோடு ஒப்பிட வேண்டாம். கடலூர் வெயிலில் பகல் தண்ணீரைக் குறைப்பது தவறு; மலம் இறுகித் தொல்லை கூடும். படுக்கும் முன் மட்டும் குறையுங்கள்.

ஆறு மாதம் நனைக்காதிருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் காட்டுங்கள். தாகமும் மெலிவும் சேர்ந்தால் நீரிழிவாக இருக்கலாம். அன்றே சர்க்கரை பார்க்கவேண்டும்.

முதலில் குழந்தை மருத்துவர். சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மீதம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேனும் எடுக்கச் சொல்வார். சந்தேகம் இருந்தால் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். எக்ஸ்ரேயில் கீழ்முதுகெலும்பு மூடவில்லை என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பதறவேண்டாம். நலமாக இருக்கும் பலருக்கும் அது உண்டு. தண்டுவடத்தைக் காட்டுவது, காந்தத்தால் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன். அதற்குப் போகும்போது அரைஞாண், தாயத்து, தோடு, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். சிறு பிள்ளைக்கு மயக்க மருந்து தரக்கூடும் என்பதால் எத்தனை மணி நேரம் வயிறு காலியாக இருக்கவேண்டும் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.