பட்டறைக்கு ஏற்ற காலிப்பர்: கொடுக்கும் காசுக்குத் தகுந்ததைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பொருளைத் தாடைகளுக்கிடையே பிடித்து அளக்கும் கருவியான காலிப்பரை வாங்கக் கிளம்புவதற்கு முன், உங்கள் பட்டறையில் அதைக் கொண்டு எதை அளக்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 150 மி.மீ. நீளமுள்ள நல்ல காலிப்பர் ஒன்று, எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், ஏறத்தாழ 0.02 முதல் 0.03 மி.மீ. வரை கூடவோ குறையவோ காட்டக்கூடும். 20 மி.மீ. துளை ஒன்றுக்கு வரைபடத்தில் எச்7 என்ற அளவு வேறுபாட்டுக் குறியீட்டைக் குறித்திருந்தால், அதற்கு அனுமதிக்கப்படும் வேறுபாடு மொத்தமே 0.021 மி.மீ.தான்; கருவியின் பிழையே அந்த இடைவெளியை விழுங்கிவிடுவதால், அத்தகைய வேலைக்கு எவ்வளவு விலையுயர்ந்த காலிப்பரும் பொருந்தாது. அதற்கு மைக்ரோமீட்டரும், துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜும்தான் வேண்டும். எனவே காலிப்பருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தி, 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் ஒன்றையும் சேர்த்து வாங்குவதே, இரண்டின் விலையையும் ஒரே காலிப்பரில் கொட்டுவதைவிடப் பட்டறைக்கு நல்லது.

அடுத்ததாக, திரையில் தெரியும் இலக்கங்களைக் கண்டு மயங்கக் கூடாது. 0.01 மி.மீ. வரை எண் காட்டும் டிஜிட்டல் காலிப்பர், 0.01 மி.மீ. வரை சரியாக அளக்கிறது என்று பொருளில்லை. மீச்சிற்றளவு, அதாவது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, வேறு; துல்லியம் வேறு. நல்ல காலிப்பரின் இலக்கணம் ஒன்றே: ஒரே பொருளைப் பத்து முறை அளந்தால் பத்து முறையும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும். அந்தக் குணம் மின்சுற்றிலிருந்து வருவதன்று. சட்டமும் நகரும் பகுதியும் எவ்வளவு நேர்த்தியாகக் கடையப்பட்டிருக்கின்றன, தாடைகள் எவ்வளவு இணையாக அரைக்கப்பட்டிருக்கின்றன என்பதிலிருந்து வருகிறது. மலிவான கருவிகளில் செலவு குறைக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கோடுகளைப் பார்த்துப் படிக்கும் வெர்னியர், முள் காட்டும் டயல், திரையில் எண் காட்டும் டிஜிட்டல் என்ற மூன்றில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு, முதல் காலிப்பர் வாங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது வெர்னியர்தான். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த, 9 மி.மீ. நீளத்தைப் பத்துப் பிரிவுகளாக்கிய 0.1 மி.மீ. மீச்சிற்றளவுள்ள கருவியை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம். பட்டறைக்கு வேண்டியது, 49 மி.மீ. நீளம் 50 பிரிவுகளாகப் பகுக்கப்பட்ட, 0.02 மி.மீ. மீச்சிற்றளவுள்ள வகை. பேட்டரி தேவையில்லை, கூலண்ட் (கடையும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) பட்டாலும் கெடாது, பேர்பெற்ற நிறுவனத்தின் வெர்னியரை அதே நிறுவனத்தின் டிஜிட்டலுக்கு ஆகும் செலவில் பாதிக்கும் குறைவாகவே வாங்கிவிடலாம். கோடுகளைப் படிக்கப் பழகுவதற்குச் சில நாள்கள் ஆகும் என்பதும், நாற்பது வயதைக் கடந்த கண்களுக்கு மங்கலான வெளிச்சத்தில் அது சிரமம் என்பதும் உண்மைதான். கண் ஒத்துழைக்காதவர்கள் டிஜிட்டலுக்குச் செலவழிப்பதில் தவறில்லை.

டயல் காலிப்பரில் பல்சட்டத்தின் மேல் சிறு சக்கரம் ஒன்று ஓடுகிறது. அந்தப் பற்களுக்கிடையே மெல்லிய சீவல் ஒன்று புகுந்தாலும் முள் தாவிவிடும். வார்ப்பிரும்புத் தூள் பறக்கும் பட்டறைக்கு அது ஏற்றதன்று.

டிஜிட்டல் வாங்குவதென்றால் இரண்டு செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது பேட்டரி. மலிவான வகைகளில் திரையை அணைத்த பின்பும் உள்ளே சுற்று விழித்துக்கொண்டேதான் இருக்கும். பெட்டியில் தூங்கும்போதே பேட்டரி தீர்ந்துபோகும் இரகசியம் இதுதான். எல்ஆர்44 என்ற அல்கலைன் வில்லையைவிட, எஸ்ஆர்44 என்ற சில்வர் ஆக்சைடு வில்லை கடைசிவரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைத் தருவதால், அதையே போடுவது நல்லது. இரண்டாவது ஈரம். சாதாரண டிஜிட்டல் காலிப்பரின் அளவுகோல் மீது கூலண்ட் படிந்தால் எண்கள் தடுமாறும். லேத்தில் ஈரக் கையுடன் அளப்பவர்கள் தூசியும் தண்ணீரும் உள்ளே புகாத ஐபி67 தரமுள்ளதை வாங்க வேண்டும், அதற்கு விலையும் கூடத்தான் செய்யும்.

கடையில் காலிப்பரைக் கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு. தாடைகளைத் துடைத்து, முழுவதும் மூடி, வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனியிலோ நடுவிலோ ஒளி கசிந்தால் தாடைகள் இணையாக இல்லை அல்லது தேய்ந்துள்ளன. பிறகு பலமுறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் சுழி சரியாகத் திரும்புகிறதா என்று காண வேண்டும்; டிஜிட்டலானால் வேகமாக இழுத்துவிட்டு மூட வேண்டும். நகரும் பகுதி சட்டத்தின் முழு நீளத்திலும் ஒரே சீராக ஓட வேண்டும். பழைய கருவியை வாங்குகிறவர்கள் இதில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும்: எல்லோரும் சிறிய பொருள்களையே அதிகம் அளப்பதால், முதல் 50 மி.மீ. பகுதி தேய்ந்து தளர்வாகவும், அதற்கப்பால் இறுக்கமாகவும் இருக்கும். மேற்புறத்துச் சிறு திருகுகளால் அந்தத் தளர்வை நீக்க முயன்றால் மறுபக்கம் சிக்கிக்கொள்ளும்.

கருவிகளைச் சரிபார்க்க உதவும் துல்லியமான அளவுக்கட்டைகளான ஸ்லிப் கேஜ் இல்லாத பட்டறைக்காரருக்கு நான் சொல்லும் எளிய வழி, சட்டைப் பையில் ஒரு புதிய 6204 பேரிங்கைப் போட்டுக்கொண்டு போவதுதான். அதன் வெளிவிட்டம் 47 மி.மீ., உள்விட்டம் 20 மி.மீ.; சாதாரணத் தரத்திலேயே வெளிவிட்டம் 0.011 மி.மீ.க்கு மேலும், உள்விட்டம் 0.010 மி.மீ.க்கு மேலும் குறைந்திருக்காது. வெளித் தாடைகளின் வேர்ப் பகுதியில் ஒரு முறையும் நுனியில் ஒரு முறையும் வைத்து அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு உள் தாடைகளைச் சோதியுங்கள். ஆனால் 14 மி.மீ. அகலத்தை அளந்து கருவியைக் குறை சொல்லிவிடாதீர்கள், அகலத்தில் 0.12 மி.மீ. வரை குறைய அனுமதி உண்டு.

வேருக்கும் நுனிக்கும் வேறுபாடு ஏன் வருகிறது என்றால், காலிப்பரின் அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே கோட்டில் இல்லை. கட்டைவிரலால் அழுத்தும்போது நகரும் தாடை நூலளவு சாய்கிறது. நுனிக்குப் போகப் போக அந்தச் சாய்வு பெரிதாகிறது. ஆகவே பொருளை எப்போதும் சட்டத்தை ஒட்டி வைத்து, மெல்லிய அழுத்தத்துடன் அளக்க வேண்டும்.

வெப்பநிலையும் கணக்கில் சேரும். லேத்திலிருந்து 60 டிகிரிச் சூட்டோடு இறக்கிய 100 மி.மீ. இரும்புத் துண்டை, 30 டிகிரியிலுள்ள காலிப்பரால் அளந்தால், ஏறத்தாழ 0.035 மி.மீ. கூடுதலாகக் காட்டும். தொடக்க காலத்தில் ஒரு ஷாஃப்டை இப்படி அளந்து, இன்னும் ஒரு சீவல் எடுத்து, ஆறிய பின் அது பேரிங்குக்குள் தளர்ந்து ஆடியதைக் கண்டு, குற்றமற்ற காலிப்பரைத் திட்டியிருக்கிறேன்.

நீளத்தைப் பொறுத்தவரை, 150 மி.மீ. பெரும்பாலான வேலைகளுக்குப் போதும், 300 மி.மீ. கருவி கனமானது, துல்லியத்திலும் சற்றுக் குறைந்தது என்பதால், தேவை வரும்போது தனியாக வாங்கிக்கொள்ளலாம். பெரிய ஆலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுப்பவர்கள், கருவியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான இந்திய தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்து சான்றிதழ் வாங்கிவைக்க வேண்டும். மிட்டுடோயோ போன்ற பேர்பெற்ற நிறுவனங்களின் பெயர்களில் போலிகள் மிகுதியாகப் புழங்குவதால், நம்பமுடியாத தள்ளுபடியில் கிடைப்பதை விட்டுவிட்டு, ரசீது தரும் முறையான விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

வாங்கிய பின், தாடை நுனியால் தகட்டில் கோடு கிழிப்பதையும், சுழலும் வேலைத்துண்டின் மேல் காலிப்பரை வைப்பதையும் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். மாலையில் துடைத்து, ஒரு துளி மெல்லிய எண்ணெய் தடவி, தாடைகளுக்கிடையே சிறிது இடைவெளி விட்டுப் பெட்டியில் வையுங்கள்; அந்தப் பேரிங்கையும் அதே பெட்டியில் போட்டுவைத்தால், திங்கட்கிழமை தோறும் ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.